பச்சைப் புள்ளி

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவர், காலையில் ஒரே அடுப்பில் சமைத்துவிட்டு, ஒரே பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய், ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தால் என்ன ஆகும்? முதல் வருஷம் அக்கம்பக்கம் மெச்சும். இரண்டாம் வருஷம் எல்லாருக்கும் பழகிப்போகும். மூன்றாம் வருஷம் இருவரில் ஒருத்திக்கு வயிறு எரியத் தொடங்கும். இந்தக் கதையில் எரிந்தது மூத்தவளுக்கு.

அவள் கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காலையில் மைக்ராஸ்கோப் விளக்கைப் போடுவதற்கு முன் கண்ணை மூடி இரண்டு வார்த்தை கடவுளிடம் பேசிவிட்டுத்தான் உட்காருவாள். ஏதோ ஒரு பெண்ணின் செல்களைத் தடவிய கண்ணாடி ஸ்லைடைப் பார்த்து முடித்து, குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணை மனசுக்குள் "நல்லா இரு" என்று சொல்லி அனுப்புவாள். இளையவளுக்கு அங்கே வேலை கிடைத்ததே மூத்தவளால்தான். பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவளை, "எங்க லேப்ல ஆளே இல்ல, வா" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனவள் அவள்தான்.

ஆள் இல்லை என்றது வெறும் பேச்சில்லை. பெண்களின் கருப்பை வாயிலிருந்து துடைத்தெடுத்த செல்களைப் பார்த்து, புற்றுநோயாக மாறக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று சொல்கிற பரிசோதனைக் கூடம் அது. ஒரு காலத்தில் அறை நிறைய ஆள் இருந்தது. ஒருத்தி வெளிநாடு போனாள். ஒருத்தர் கழுத்து எலும்பு தேய்ந்து வேலையை விட்டார். இன்னும் இரண்டு பேர் கூடுதல் சம்பளத்துக்குத் தனியாரிடம் போய்விட்டார்கள். போனவர்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை. இந்தக் கண் பழகுவதற்கே வருஷக் கணக்காகும். அத்தனை நாள் பொறுத்துக் கற்றுக்கொள்ள யார் வருகிறார்கள்? காலியான நாற்காலிகளில் இப்போது ஸ்லைடுத் தட்டுகள்தான் உட்கார்ந்திருந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக, முறை வரக் காத்திருக்கும் நோயாளிகளைப் போல.

ஏசி வைப்பதற்காக ஜன்னலை அடைத்துவிட்டதால் அறையில் பகலும் தெரியாது, மழையும் தெரியாது. பக்கத்தில் சாயம் ஏற்றும் அறை. அங்கே காற்றை இழுத்து வெளியே விட வேண்டிய விசிறி ரிப்பேராகிக் கிடந்தது. மருந்து வாடை இந்தப் பக்கம் வந்து மத்தியானத்துக்குள் தலையைப் பிளக்கும். ஒரு நாளைக்கு ஒருவர் இத்தனை ஸ்லைடுக்கு மேல் பார்க்கக் கூடாது என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதை யாரும் கிழிக்கவில்லை, அவ்வளவுதான்.

இவர்கள் இருவரைத் தவிர அங்கே இருந்தவர் மப்ளர் சார். ஏசி குளிருக்குக் கழுத்தில் சுற்றிய மப்ளரை வெயில் காலத்திலும் கழற்றாதவர். இந்த மூவருக்கும் மேலே பெரிய டாக்டர் அம்மா. ஓரகத்திகள் மத்தியானம் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் மப்ளர் சார் எட்டிப் பார்த்து, "ஒரே சாப்பாட்டை எதுக்கும்மா ரெண்டு டப்பாவுல சுமக்கறீங்க?" என்று கேட்பார். முன்பெல்லாம் இருவரும் சிரிப்பார்கள். இப்போது இளையவள் மட்டும்தான் சிரித்தாள்.

காரணம், ஸ்லைடு பார்ப்பவர்களுக்குத் தலைமையான சீஃப் ஸ்க்ரீனர் பதவி. நெடுநாள் காலியாகக் கிடந்த அதை நிரப்பப்போகிறார்கள் என்று தகவல் வந்திருந்தது. சீஃப் ஆனால் பார்க்க வேண்டிய ஸ்லைடு பாதியாகும். ஜன்னல் உள்ள தனியறை கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தனை வருஷம் கழுத்தைக் கொடுத்து வேலை பார்த்தவளுக்கு ஒரு பெயர் கிடைக்கும். அது தனக்குத்தான் என்று மூத்தவள் எப்போதோ முடிவு செய்து, அந்த ஜன்னலுக்குத் திரைத்துணியின் நிறத்தைக்கூட மனசில் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து இளையவள் ஒரு ஸ்லைடில் எதையோ கண்டுபிடித்தாள். ஆயிரக்கணக்கான செல்களுக்கு நடுவே ஒளிந்திருந்த ஒரே ஒரு சின்னக் கூட்டம். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். "இதைப் பிடிக்கத் தனிக் கண்ணு வேணும்" என்றார். மூத்தவளும் குனிந்து பார்த்தாள். பார்த்து, "ஆமா, நல்லாத் தெரியுதே" என்றாள். நல்லாத் தெரிவதைப் பிடிப்பதில் என்ன பெருமை என்று அதற்கு அர்த்தம். இளையவளுக்கு அது புரியவில்லை. "நீங்க பார்த்திருந்தா இன்னும் சீக்கிரம் பிடிச்சிருப்பீங்கக்கா" என்றாள். அதுதான் மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. பதிலுக்கு ஒரு குத்தல் வந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கும் இந்தக் கதை அவர்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. மாமியார் இளையவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "சின்னவளுக்குக் கழுகுக் கண்ணு" என்றார். கூடவே மூத்தவளைப் பார்த்து, "உனக்கும் வயசாகுதில்ல, கொஞ்சம் ஓய்வா இரும்மா" என்றார். பரிவாகத்தான் சொன்னார். அன்று மூத்தவள் பாத்திரம் கழுவிய சத்தம் மாடிவரை கேட்டது. அவள் கணவன் எழுந்து வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். அவனுக்கு அந்த அளவுக்கு விவரம் உண்டு.

அந்தக் கூடத்தில் ஒரு நடைமுறை இருந்தது. ஒருவர் பார்த்து, குறை இல்லை என்று ஒதுக்கிய ஸ்லைடை இன்னொருவர் ஒரு தடவை விரைவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாம் பார்வை என்பார்கள். முதலில் பார்ப்பவர் சந்தேகமான செல்லுக்குப் பக்கத்தில் கண்ணாடியின் மேல் நீல மையால் ஒரு புள்ளி வைப்பார். அவர் கண்ணுக்குத் தப்பியது ஏதாவது இரண்டாம் பார்வையில் அகப்பட்டால் பச்சை மையில் புள்ளி விழும். பச்சைப் புள்ளி விழுந்தால் சும்மா விடமாட்டார்கள். அதைத் தவறவிட்டவர் சமீபத்தில் பார்த்த எல்லா ஸ்லைடுகளையும் மறுபடி எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஆள் இருந்த காலத்தில் யாருடையதை யார் பார்ப்பது என்று மாறிமாறி வரும். இப்போது மூத்தவளின் தட்டு இளையவளுக்கும், இளையவளின் தட்டு மூத்தவளுக்கும் என்று நிலைத்துவிட்டது.

இளையவளின் தட்டில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி வைத்துவிட வேண்டும் என்ற ஆசை மூத்தவளுக்கு எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. வந்துவிட்டது. விரைவாக ஓட்ட வேண்டிய ஸ்லைடுகளை அவள் வரப்போரம்கூட விடாமல் உழுகிறவன் மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். ஒரு மூலை பாக்கி இல்லை. நாளுக்கு இருப்பதோ அதே பொழுதுதான். அங்கே கூட்டினால் இங்கே குறைய வேண்டும். தன் தட்டில் இருந்தவற்றை வேகமாகத் தள்ளிவிட்டாள். இத்தனை வருஷ அனுபவம் இருக்கிறதே, ஒரு பார்வை போதாதா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் அவள் தேடியது கிடைத்தது. இளையவள் சரி என்று ஒதுக்கிய ஸ்லைடில், கருத்த சின்னச் சின்ன செல்கள் ஒரு கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. மூத்தவளின் நெஞ்சு துள்ளியது. பச்சைப் பேனாவை எடுத்துப் புள்ளி வைத்தாள். உடனே எழுந்து பெரிய டாக்டரிடம் போனாள். நடையில் ஒரு மிடுக்கு வந்திருந்தது.

டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்லைடோடு வந்த சீட்டைப் பார்த்தார். "மாசக் கணக்கைப் பாருங்க. விலக்கு முடிஞ்ச உடனே எடுத்திருக்காங்க. கருப்பை உள்சுவர்லேருந்து உதிர்ந்து வர்ற சாதாரண செல்லுதானே இது? உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாததில்லை. அந்த அறைக்கு வந்த முதல் வருஷமே கற்ற பாடம். கைக்குட்டையைக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் நனைத்துப் பச்சையைத் துடைத்துக்கொண்டே மூத்தவள் திரும்பி வந்தாள். இளையவள் எழுந்து, "சந்தேகம்னா காட்டிடறதுதான்க்கா நல்லது" என்றாள். மூத்தவள் பச்சைப் பேனாவை மூடி ஓரமாக வைத்தாள். தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. யாரோ ஒரு பெண்ணுக்கு நோய் இல்லை என்று டாக்டர் சொன்னபோது, தனக்கு ஏமாற்றமாக இருந்தது. யாருக்கோ ஒரு கேடு இருக்க வேண்டும் என்று இத்தனை நாள் குனிந்து தேடியிருக்கிறோம். "நல்லா இரு" என்று சொல்லி எத்தனை நாளாகிவிட்டது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

வெட்கம் வந்தது. ஆனால் பொறாமை அப்படி ஒரே குட்டில் ஓடிவிடுகிற சரக்கில்லை. இரண்டு நாள் பதுங்கியது, பிறகு, "ஒருதடவை தப்பினா எப்பவும் தப்புவாளா?" என்று மெல்லத் தலை நீட்டியது. அவள் மறுபடி இளையவளின் தட்டில் குனிந்தாள்.

அந்த வாரக் கடைசியில், மப்ளர் சார் தேநீர் குடிக்கப் போயிருந்த சமயம், இளையவள் ஒரு ஸ்லைடோடு வந்து மூத்தவளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவள் கூப்பிட்ட குரலே சரியில்லை.

"அக்கா, இதை ஒரு தடவை பாருங்களேன். வலது ஓரம், கீழே."

மூத்தவள் பார்த்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. பெருத்த, கருத்த உட்கருக்கள். விளிம்பெல்லாம் கசங்கிய காகிதம் போல. சந்தேகத்துக்கே இடமில்லாத கூட்டம். ஸ்லைடின் நுனியில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தாள். அவள் பார்த்து, சரி என்று ஒதுக்கியது. இதைத் தாண்டி எப்படிப் போனோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. அவள் அந்த ஓரத்துக்கே போகவில்லை என்பதுதான் நிஜம்.

கண்ணாடியில் எங்கும் பச்சை இல்லை.

"புள்ளி வைக்கலையா?"

"வைக்கல. சீட்டும் என்கிட்டதான் இருக்கு, இன்னும் உள்ள போகல. நீங்களே நீலத்துல வெச்சு எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள் இளையவள். மூத்தவள் நிமிர்ந்து பார்த்ததும் அவசரமாகச் சொன்னாள்: "அந்தப் பொண்ணுக்கு எந்தக் கலர் புள்ளியா இருந்தா என்னக்கா? எப்படியும் கூப்பிட்டு வைத்தியம் பண்ணிடுவாங்க. அடுத்த வாரம் சீஃப் போஸ்ட் முடிவாகுது. இப்பப் போய் உங்க பேருக்கு இது எதுக்கு?"

மூத்தவளின் கையருகே நீலப் பேனா கிடந்தது. ஒரு புள்ளி. ஒரு எள் அளவு மை. அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைத்துவிடும். தனக்கு ஜன்னல் கிடைத்துவிடும். தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். பேனாவை எடுத்தாள், மூடியைக்கூடக் கழற்றினாள். கடவுள் பெரும்பாலும் இடி மின்னலோடு வருவதில்லை. எதிரியென்று நாம் நினைத்துக்கொண்டிருந்தவளின் முகத்தில் ஒரு கவலையாக வந்து நிற்பார். தனக்காக இவள் பயப்படுகிறாள் என்று மூத்தவளுக்குத் தெரிந்தது. தான் இவளுடைய தட்டில் எத்தனை நாள் எதைத் தேடினோம் என்பதும் சேர்ந்தே தெரிந்தது.

அதோடு இன்னொன்றும். இந்த ஒரு ஸ்லைடை மட்டுமா வேகமாகத் தள்ளினோம்? அந்த நாட்களில் பார்த்த தட்டுகள் எல்லாம் அடுக்கடுக்காக அவள் கண் முன் வந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் ஓரம் இருந்தது. சின்னவளும் அவசரத்தில் ஓட்டித்தான் பார்த்திருப்பாள். நீலப் புள்ளி வைத்தால் அவற்றை யாரும் மறுபடி திறக்க மாட்டார்கள்.

"இந்தப் பொண்ணுக்கு எந்தக் கலரும் ஒண்ணுதான்" என்றாள் மூத்தவள். "மத்தவங்களுக்கு ஒண்ணு இல்ல. உன் பேனாவைக் கொடு."

"அக்கா..."

"கொடுன்னா கொடு."

பச்சைப் புள்ளியை அவளே வைத்தாள். அழுத்தி வைத்ததில் புள்ளி கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

பெரிய டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை உயர்த்தியதும், மூத்தவள் நின்றபடியே சொல்லிவிட்டாள். இது என்னுடையது, சின்னவள்தான் பிடித்தாள், இந்த மாதம் நான் பார்த்தது எதையும் நம்ப வேண்டாம் என்றாள். ஏன் என்று டாக்டர் கேட்டார். வேலைப்பளு என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது. ஆனால் முழுசும் இல்லை.

"அவளோடதுல தப்புக் கண்டுபிடிக்கவே நேரம் போச்சு. என்னோடதை ஓட்டிட்டேன். பொறாமை, டாக்டர்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வாசலில் நின்ற இளையவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறாமைன்னு ரிப்போர்ட்ல எழுதறதுக்கு இடமில்லம்மா" என்றார் டாக்டர் கடைசியில். "ரெண்டு பேர் வேலையை ஒருத்தர் பார்த்தீங்கன்னு எழுத இடமிருக்கு. ஒரே வீட்டுக்காரங்களை ஒருத்தர் வேலையை ஒருத்தர் பார்க்க வெச்சது நான். அதையும் எழுதறேன். ஆள் கேட்டு நான் எழுதறப்பல்லாம், தப்பே வரலையே, இருக்கறவங்களே போதுமேன்னுதான் மேல சொல்லிட்டிருக்காங்க."

மறுநாள் பரிசோதனைக்கு வரும் புது ஸ்லைடுகளை வாங்குவதை டாக்டர் நிறுத்தினார். தானே ஒரு காலி நாற்காலியில் இருந்த தட்டுகளை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார். அவரும் மப்ளர் சாரும் இளையவளும் மூத்தவளின் பழைய தட்டுகளை ஆரம்பத்திலிருந்து பார்த்தார்கள். மூத்தவளுக்குத் தொலைபேசி வேலை. முடிவு ஏன் வரவில்லை என்று கேட்டு மருத்துவமனைகளிலிருந்து வருகிற திட்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டு, "சரியாப் பார்க்கறோங்க, அதான் தாமதம்" என்று சொல்வது. ஒவ்வொரு தடவை யாராவது நாற்காலியை நகர்த்தும்போதும் அவளுக்கு உயிர் போய்வந்தது. கடைசியில் இன்னும் ஒன்று அகப்பட்டது. ஒன்றே ஒன்று. இரண்டு பெண்களையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். இரண்டுமே ஆரம்பம்தான், சின்னச் சிகிச்சையோடு போய்விடும் என்று பெரிய டாக்டர் சொன்னார். மூத்தவள் சாயம் ஏற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த வாடையில் யார் கண் கலங்கினாலும் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

சீஃப் பதவி இளையவளுக்குப் போனது. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. தகவல் வந்த அன்று இளையவளைக் காணோம். மூத்தவள் தேடிக்கொண்டு போனபோது, அவள் அதே சாயம் ஏற்றும் அறையில், சுத்தமாக இருந்த தொட்டியை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேணாம்னு எழுதிக் கொடுத்துடறேன்க்கா. நீங்க உண்மையைச் சொன்னதாலதானே..."

"எழுதிக் கொடுத்துப் பாரு, அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டேன்" என்றாள் மூத்தவள். கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். "வயித்தெரிச்சல் இல்லன்னு சொன்னா பொய். இருக்கு. கொஞ்ச நாள் எரியும், அப்புறம் தானா அணையும். அதுக்காக நீ இங்க வந்து ஒளிஞ்சுக்காத. வீட்டுல அத்தைகிட்ட நான்தான் சொல்லுவேன், நீ சொல்லக் கூடாது."

வீட்டில் அவள்தான் சொன்னாள். சொல்வதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. மாமியார் இளையவளைக் கட்டிக்கொண்டு, மூத்தவளின் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். கழுகுக் கண் பற்றி அன்று ஒன்றும் சொல்லவில்லை. "பெரியவளே, நீ உட்காரு, இன்னைக்கு நான் பரிமாறறேன்" என்றார்.

புது அறைக்கு மாறிய காலையில் இளையவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். முன்பு இருந்தவர் நெட்டை ஆள் போலிருக்கிறது; நாற்காலியை இறக்கவும் முடியவில்லை. குள்ளமான அவளுக்குக் கால் தரையில் படாமல் தொங்கியது. இப்படி ஒரு வாரம் உட்கார்ந்தால் இடுப்பு என்ன ஆகும் என்று மூத்தவளுக்குத் தெரியும். வெளியே போய், சாமான் வந்த மரப்பெட்டி ஒன்றைத் தேடி எடுத்து, தூசு தட்டி, மேசைக்கடியில் தள்ளினாள். குனிந்து, இளையவளின் கால் அதில் சரியாகப் பதிகிறதா என்று பார்த்து, இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்த்தினாள்.

"ஐயோ, விடுங்கக்கா, நான் பண்ணிக்கறேன்."

"ஆடாத. இப்ப வை காலை. சரியா இருக்கா?"

"இருக்கு."

மூத்தவள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜன்னலருகே போனாள். கீழே தெருவில் பஸ்ஸுக்காகப் பெண்கள் நின்றிருந்தார்கள். காற்று நன்றாகத்தான் வந்தது. தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

"மத்தியானம் டப்பாவை எடுத்துக்கிட்டு இங்க வந்துடுங்கக்கா. மப்ளர் சாரையும் கூப்பிடலாம்" என்றாள் இளையவள் தயங்கித் தயங்கி.

"வரேன்" என்றாள் மூத்தவள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "ஆனா ஜன்னல் பக்கம் எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்."